வாள் பறிக்கப்பட்ட ஊரில் வாளேந்திய போலீஸ்

பதினெட்டு வயதுக் காவலன் ஒருவன் தோளில் பசூக்காவைத் தூக்கி வைத்துக் குறி பார்க்கிறான். எதிரே நிற்பது தீவிரவாதி அல்ல, அவனுடைய சொந்த மேலதிகாரி. குண்டு பாய்கிறது, சுவர் இடிகிறது, புகைக்குள்ளிருந்து தலைமுடி கருகிய அதிகாரி வாளை உருவிக்கொண்டு ஓடி வருகிறார். "கை தவறிவிட்டது" என்கிறான் பையன், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். அடுத்த காட்சியில் இருவரும் ஒரே ரோந்துக் காரில் அருகருகே உட்கார்ந்து போகிறார்கள்.

'கின்டாமா' என்ற ஜப்பானிய அனிமேயில் இது அடிக்கடி நடக்கும் சங்கதி. விவரம் தெரியாதவர்களும் சிரிக்கலாம். ஜப்பானில் பள்ளிக்கூடம் போனவருக்குச் சிரிக்க இன்னொரு காரணமும் உண்டு. சுடுகிறவன் பெயர் ஒகிட்டா. தப்பிக்கிறவர் ஹிஜிகாட்டா. இருவருக்கும் தலைவர் கொண்டோ. 1863இல் கியோட்டோவில் உருவாகி, ஷோகுன் என்ற ராணுவத் தலைவரின் ஆட்சிக்காக வாள் வீசி, 1869இல் வடகோடியில் அழிந்துபோன ஷின்சென்குமி என்ற காவற்படையின் மூன்று பெரிய பெயர்கள் இவை. ஒகிட்டா சோஜி காசநோயில் இளமையிலேயே செத்துப்போன வாள்வித்தைக்காரர். நாவலும் நாடகமும் சினிமாவும் அவரை இருமலும் புன்னகையுமாக, கண்ணீர் வரவழைக்கும் அழகனாகவே காட்டி வந்தன. அந்த அழகன் கையில் பசூக்காவைக் கொடுத்ததுதான் கின்டாமாவின் முதல் குறும்பு.

இதன் கர்த்தா சோராச்சி ஹிதேயாக்கி, 1979இல் வடக்குத் தீவான ஹொக்கைடோவின் டகிகாவாவில் பிறந்தவர். 2003 டிசம்பரில் 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் மங்காவாகத் தொடங்கியது 77 தொகுதிகள் வரை நீண்டது. சன்ரைஸ் நிறுவனம் தயாரிக்கத் தொடங்கிய அனிமே 2006 ஏப்ரலில் டிவி டோக்கியோவில் தொடங்கி, இடையிடையே நின்றும் எழுந்தும் 2018 வரை 367 பகுதிகள் ஓடியது. தொடங்கிய விதமே சுவையானது. பொது ஒளிபரப்பு நிறுவனமான என்ஹெச்கே 2004ஆம் ஆண்டு முழுவதற்குமான தன் வரலாற்றுத் தொடருக்கு ஷின்சென்குமியை எடுத்துக்கொள்ளப்போவதாக அறிவித்திருந்தது. அந்த அலையில் நாமும் ஏறலாம் என்று பத்திரிகை ஆசிரியர் யோசனை சொன்னார். சோராச்சி அதை அப்படியே கேட்கவில்லை. வேலையில்லாத ஒரு சாமுராயை நாயகனாக்கி, ஷின்சென்குமியை அவனுக்குத் தலைவலி கொடுக்கும் உள்ளூர் போலீஸாக ஓரத்தில் நிறுத்தினார். ஓரத்தில் நின்றவர்கள் நாயகனுக்கு இணையான புகழ் பெற்றுவிட்டது வேறு கதை.

கதை நடக்கும் எடோ (இன்றைய டோக்கியோ) வரலாற்றில் இருந்த எடோ மாதிரிதான், ஒரு திருத்தத்தோடு. 1853இல் அமெரிக்கத் தளபதி பெரியின் கருப்புக் கப்பல்கள் வந்து ஜப்பானின் கதவைத் தட்டின. கின்டாமாவில் வந்தவை விண்கலங்கள். அமாண்டோ என்று அழைக்கப்படும் வேற்றுக்கிரகவாசிகள் ஷோகுனைப் பொம்மையாக உட்காரவைத்து நாட்டை ஆள்கிறார்கள். எதிர்த்துப் போரிட்ட சாமுராய்கள் தோற்றார்கள், வாளைத் தடை செய்தாயிற்று. நகரத்தின் நடுவே விண்வெளி நிலையக் கோபுரம் நிற்கிறது. கிமோனோ அணிந்தவர்கள் ஸ்கூட்டரில் போகிறார்கள், தொலைக்காட்சி பார்க்கிறார்கள், வாராவாரம் ஜம்ப் படிக்கிறார்கள். நாயகன் கின்டோக்கி குடியிருக்கும் கபுகிச்சோ வட்டாரம் எடோ காலத்தில் இல்லவே இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, வராமலே போன ஒரு கபுகி அரங்கத்தை நம்பி 1948இல் அந்தப் பெயர் வைத்தார்கள். இப்படி முந்நூறு ஆண்டு ஜப்பானை ஒரே தெருவில் குவித்துவிட்டு, அதற்கு ஒரு போலீஸும் வேண்டுமே என்று தேடும்போது ஷின்சென்குமி கிடைக்கிறது.

ஏன் ஷின்சென்குமி? எடோவுக்குச் சொந்தமாகப் போலீஸ் இருந்தது. வடக்கு, தெற்கு என்று இரண்டு நகர நீதிபதி அலுவலகங்கள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 25 யோரிக்கி அதிகாரிகள், அவர்களுக்குக் கீழே நூற்றுச் சொச்சம் டோஷின் காவலர்கள். பத்து லட்சம் பேர் வாழ்ந்த நகரத்துக்கு மொத்தம் முந்நூறு பேர்கூடத் தேறாது. மிச்ச வேலையைச் சம்பளப் பட்டியலில் இல்லாத துப்பாளிகள் பார்த்தார்கள். எடோவைக் களமாகக் கொண்ட துப்பறியும் கதை மரபே இவர்களிடம் பிறந்ததுதான். ஒகாமோட்டோ கிடோ 1917இல் எழுதத் தொடங்கிய ஹன்ஷிச்சி கதைகளின் நாயகன் அத்தகைய ஒருவன். காசை வீசிக் குற்றவாளியை வீழ்த்தும் செனிகாட்டா ஹெய்ஜி, 1966 முதல் 1984 வரை 888 வாரம் தொலைக்காட்சியை ஆண்டான். அந்த மரபில் காவலன் நிதானமானவன், ஊர் அறிந்தவன், கருணையுள்ளவன். சோராச்சிக்கு அப்படிப்பட்டவன் தேவைப்படவில்லை. ஊருக்கு அந்நியமான, விதிமுறை வெறி பிடித்த, தகுதி பற்றிய பதற்றம் தீராத ஒரு படையே தேவைப்பட்டது.

அந்தப் பதற்றம் கற்பனை இல்லை. ஷின்சென்குமியின் உள்வட்டம் எடோவுக்கு மேற்கே உள்ள டாமா நாட்டுப்புறத்திலிருந்து வந்தது. கொண்டோ இசாமி ஒரு விவசாயியின் மூன்றாவது மகன். டென்னென் ரிஷின் என்ற, நகரத்துப் பெரிய பள்ளிகள் மதிக்காத வாள்வித்தைப் பள்ளியின் ஆசான் அவரைத் தத்தெடுத்தார். ஹிஜிகாட்டா டோஷிசோ வசதியான விவசாயக் குடும்பத்தின் கடைக்குட்டி. அடிபட்ட காயத்துக்கான இஷிடா மருந்துப் பொடியைக் கூடையில் சுமந்து ஊர் ஊராக விற்றார், போகும் ஊரில் வாள்பயிற்சிக் கூடம் இருந்தால் உள்ளே நுழைந்து ஒரு கை பார்த்தார். 1863இல் ஷோகுனின் கியோட்டோப் பயணத்துக்குக் காவலாக ரோனின்களை (எஜமானற்ற சாமுராய்களை) திரட்டியபோது புறப்பட்டுப்போன இருநூற்றுச் சொச்சம் பேரில் இவர்களும் அடக்கம். கூட்டத்தில் பெரும்பாலோர் எடோவுக்கே திரும்பிவிட, இவர்கள் கியோட்டோவின் மிபு கிராமத்தில் தங்கினார்கள். அய்சு பிரபு மட்சுடைரா கட்டாமோரியின் கீழ் கியோட்டோத் தெருக்களைக் காவல் காக்கும் வேலை கிடைத்தது. அப்போது கொண்டோவுக்கு 28 வயது. ஹிஜிகாட்டாவுக்கு ஒன்று குறைவு. ஒகிட்டாவும், பின்னாளில் மூன்றாம் பிரிவை நடத்திய சைட்டோ ஹஜிமேயும் இருபதை ஒட்டிய பையன்கள்.

சாமுராயாகப் பிறக்காதவர்கள் போலீஸ் வேலை பார்த்துச் சாமுராய் ஆக முயன்றார்கள் என்பதே ஷின்சென்குமியின் சுருக்கமான வரலாறு. அவர்களுடைய கொடுமை அங்கிருந்து பிறந்தது. கின்டாமாவின் நகைச்சுவையும் அதே இடத்திலிருந்துதான் பிறக்கிறது என்பது என் வாதம். பரம்பரை சாமுராய்க்கு விதி ஒரு பழக்கம், மீறினாலும் அவன் சாமுராய்தான். புதிதாக வந்தவனுக்கு விதி ஒன்றே சான்றிதழ். அதனால் அவன் அதை எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொள்கிறான். எழுத்துக்கு எழுத்து பிடிப்பவனைக் கொஞ்சம் தூர நின்று பார்த்தால் சிரிப்பு வரும், பக்கத்தில் நின்றால் பயம் வரும்.

அந்த விதிகளையே எடுத்துக்கொள்வோம். புகழ்பெற்ற ஐந்து தடைகள்: சாமுராய் நெறி தவறக் கூடாது, படையை விட்டுப் போகக் கூடாது, சொந்தமாகப் பணம் திரட்டக் கூடாது, பிறர் வழக்குகளில் தலையிடக் கூடாது, தனிப்பட்ட சண்டை போடக் கூடாது. மீறினால் வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாக வேண்டும். இந்த ஐந்து அம்சப் பட்டியல் 1928இல் ஷிமோசாவா கான் எழுதிய நூல் வழியாகத்தான் பரவியது. படையில் இருந்து பிழைத்த நாகாகுரா ஷின்பாச்சியின் நினைவுகளில் நான்கு தடைகளே வருகின்றன, தனிச் சண்டை பற்றிய பேச்சு இல்லை. எண்ணிக்கை நான்கோ ஐந்தோ, சாவு நிஜம். படையின் மூத்தவர்களில் ஒருவரான யாமானாமி கெய்சுகே 1865இல் படையை விட்டுச் சென்றதற்காக வயிற்றைக் கிழித்துக்கொள்ள வேண்டி வந்தது. பக்கத்தில் நின்று தலையை வெட்டி வேதனையை முடித்துவைத்தவர் ஒகிட்டா என்று சொல்வார்கள், இருவரும் நெருங்கிய நண்பர்கள்.

கின்டாமாவில் இந்த விதிப்பட்டியல் நாற்பதைத் தாண்டுகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே தண்டனை, வயிற்றைக் கிழித்துக்கொள். 'மேகசின்' தவிர வேறு மங்கா இதழை முகாமுக்குள் படிக்கக் கூடாது என்பதும் அதில் ஒரு விதி. மேகசின் என்பது ஜம்ப்புக்கு நேர் போட்டி இதழ். போட்டி இதழின் விசுவாசியாக ஒரு போலீஸ் துணைத்தலைவரைப் படைத்து அவரை ஜம்ப்பின் பக்கங்களிலேயே உலாவவிட்டது சின்ன விளையாட்டுதான். ஆனால் ஹிஜிகாட்டாவின் குணம் அதில் முழுதாக அகப்பட்டுவிடுகிறது. எந்தச் சோற்றைக் கொடுத்தாலும் அதன்மேல் மயோனைஸைக் குவித்துச் சாப்பிடும் இந்த மனிதருக்கு விருப்பமும் விதியும் ஒன்றுதான். தனக்குப் பிடித்ததைச் சட்டமாக்கிவிட்டு அதற்காக ஆளைக் கொல்லவும் தயாராக இருப்பார்.

2008இல் வந்த இட்டோ கதைப்பகுதி இந்த இடத்தை ஆழமாகத் தோண்டுகிறது. சபிக்கப்பட்ட வாள் ஒன்று ஹிஜிகாட்டாவின் கைக்கு வருகிறது. அதை எடுத்தவன் அனிமே பைத்தியம் பிடித்த, சண்டைக்கு அஞ்சும் கோழையாகிவிடுவான். 'அரக்கத் துணைத்தலைவர்' என்று பெயர் வாங்கியவர் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறார், கூட்டத்துக்குத் தாமதமாக வருகிறார், தான் எழுதிய விதிகளை ஒவ்வொன்றாக மீறுகிறார். படை அவரை வீட்டுக்கு அனுப்புகிறது. அந்த வெற்றிடத்தில் இட்டோ காமோடாரோ என்ற படித்த, நாகரிகமான அதிகாரி தலைவரைக் கொன்று படையைக் கைப்பற்றத் திட்டமிடுகிறான். அவன் வரலாற்றில் இரண்டு பேர். 1863இல் கொண்டோவின் ஆட்களே தூக்கத்தில் வெட்டிக் கொன்ற முதல் தலைவர் செரிசாவா காமோவும், 1867இல் பிரிந்துபோய்த் தனி அணி கண்ட இட்டோ காஷிடாரோவும் இவனுக்குள் இருக்கிறார்கள்.

இட்டோ காஷிடாரோவை அவர்கள் கொன்ற விதம் படிக்கச் சகிக்காது. விருந்துக்கு அழைத்தார்கள், குடிக்கக் கொடுத்தார்கள், திரும்பும் வழியில் அபுராநோகோஜித் தெருவில் குத்தினார்கள். பிணத்தைத் தெருவில் போட்டு வைத்து, எடுக்க வந்த அவருடைய ஆட்களையும் சுற்றி வளைத்தார்கள். அதில் செத்தவர்களில் ஒருவர் டோடோ ஹெய்சுகே, எடோவில் கொண்டோவின் பயிற்சிக் கூடத்திலிருந்தே கூட வந்த இளைஞர். கின்டாமா என்ன செய்கிறது? ஒரு கையை இழந்து, தோற்று, துரோகி என்று முத்திரை குத்தப்பட்ட இட்டோவை ஹிஜிகாட்டா எல்லார் முன்னிலையிலும் நேருக்கு நேர் வாள்சண்டைக்கு அழைக்கிறார். கைதியாக அல்லாமல் தோழனாகச் சாகும் உரிமையை அவனுக்குக் கொடுக்கிறார். வரலாற்று ஷின்சென்குமி தன் ஆளுக்குக் கொடுக்காத மரியாதை அது. இந்தக் கதையை 2018இல் நடிகர்களை வைத்துப் படமாக எடுத்தபோது, விதி இருப்பதே மீறுவதற்குத்தான் என்ற பொருளில் துணைத் தலைப்பு வைத்தார்கள். எனக்கு அந்தத் தலைப்பில் உடன்பாடு இல்லை. கதையில் ஹிஜிகாட்டா விதியை மீறுவதாக எனக்குத் தோன்றவில்லை, விதியின் பெயரால் நடந்த ஒரு கொலையைத் திருத்தி எழுதுகிறார்.

தகுதிப் பதற்றம் இன்னும் தெளிவாகத் தெரிவது 2012 தொடக்கத்தில் ஒளிபரப்பான கதையில். மிமாவாரிகுமி என்ற வெள்ளைச் சீருடைப் படை அதில் வருகிறது. வரலாற்றிலும் அப்படியொரு படை 1864இல் அமைந்தது. ஷோகுனின் நேரடி ஊழியர் குடும்பங்களின் பிள்ளைகள் அதில் சேர்ந்தார்கள், அரண்மனையை ஒட்டிய கௌரவமான பகுதிகள் அவர்கள் காவலில் இருந்தன. கேளிக்கைத் தெருக்களும் கடைவீதிகளும் டாமா நாட்டுப்புறத்தாருக்கு வந்தன. ஒரே நகரம், ஒரே எதிரி, இரண்டு சாதிப் போலீஸ். கின்டாமாவில் மிமாவாரிகுமியின் தலைவர் சசாகி இசாபுரோ. ஷோகுன் எதிர்ப்பாளர் சகாமோட்டோ ரியோமாவைக் கொன்றவர் என்று பரவலாகக் கருதப்படும் சசாகி டடாசாபுரோவே அவருக்கு மூலம். அனிமேயின் சசாகி சளைக்காமல் கைப்பேசியில் குறுஞ்செய்தி அனுப்புகிறவர், பொம்மைக் குறிகளோடு. 'நாங்கள் உயர்குடி' என்பதை இவ்வளவு பணிவாகச் சொல்லிக் காட்டும் பாத்திரம் அனிமேயில் அரிது.

அவருடைய தம்பி டெட்சுனோசுகே ஒரு பயிற்சிக் காவலன். சசாகி குடும்பம் தேறாத பிள்ளை என்று ஒதுக்கிய பையன். ரவுடிக் கும்பலில் திரிந்தவன், வாயைத் திறந்தால் ராப் பாட்டுப் போலப் பேசுகிறான். எந்தப் பிரிவும் வேண்டாம் என்று தள்ள, ஹிஜிகாட்டாவுக்கு எடுபிடியாக வந்து சேர்கிறான். தேநீர் கொண்டுவா என்றால் அதையும் ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை. ஹிஜிகாட்டா அவனைக் கண்டிக்கும் காட்சிகளில் கேலி உண்டு. அந்தக் கேலிக்கு அடியில் இருப்பது அடையாளம் கண்டுகொள்ளுதல். கின்டாமாவின் ஹிஜிகாட்டாவும் பணக்கார விவசாயி ஒருவருக்கு முறை தவறிப் பிறந்தவர், ஊர் 'முள்' என்று பெயர் வைத்துத் தள்ளிய பிள்ளை. இரண்டு வேண்டாத பிள்ளைகள், ஒருவர் அதிகாரி, மற்றவர் எடுபிடி.

டெட்சுனோசுகேவும் வரலாற்றில் இருந்தவன். ஒகாக்கி ஊரைச் சேர்ந்த இச்சிமுரா டெட்சுனோசுகே 1867இல், ஏறத்தாழ பதினாலு வயதில், ஷின்சென்குமியில் சேர்ந்து ஹிஜிகாட்டாவின் உதவிச் சிறுவனானான். தோல்வி மேல் தோல்வியாக வடக்கு நோக்கிப் பின்வாங்கிய படையோடு ஹொக்கைடோவின் ஹகோடாட்டே வரை போனான். 1869இல் இனித் தப்ப வழியில்லை என்று தெரிந்தபோது ஹிஜிகாட்டா அவனைக் கூப்பிட்டார். தன் புகைப்படத்தையும் கொஞ்சம் தலைமுடியையும் கொடுத்து, டாமாவில் ஹினோ ஊரில் இருக்கும் அக்காள் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொன்னார். மறுத்த பையனை, போகாவிட்டால் வெட்டிவிடுவேன் என்று மிரட்டி அனுப்பியதாகச் சொல்கிறார்கள். பையன் போய்ச் சேர்ந்தான். அந்தக் குடும்பம் அவனை வைத்துக் காப்பாற்றியது. மேற்கத்திய சீருடையில், பின்னுக்கு வாரிய தலையோடு ஹிஜிகாட்டா உட்கார்ந்திருக்கும் படம் இன்று நமக்குத் தெரிகிறதென்றால் இந்தச் சிறுவன் சுமந்து வந்ததால்தான். கின்டாமாவின் ஷின்சென்குமி, வரலாற்றுப் படையின் நீல அங்கியை அணியாமல் கருப்பு மேற்கத்தியச் சீருடை அணிவதும் அந்தப் படத்தை நினைவூட்டுகிறது. குரோனோ நானாயேயின் 'பீஸ்மேக்கர்' மங்கா 1999இலேயே இதே சிறுவனை நாயகனாக்கியது. அங்கே அவன் பழிவாங்கத் துடிக்கும் துறுதுறு பையன். சோராச்சியின் டெட்சுனோசுகேயிடம் அந்த வேகம் இல்லை, அவன் வெறும் உதவாக்கரை. எனக்கு இவனையே பிடிக்கிறது.

மேலிடத்துக்கு வருவோம். வரலாற்று மட்சுடைரா கட்டாமோரி சிரிக்கத் தெரியாத பெரிய மனிதர். பேரரசர் கோமெய் தனக்கு எழுதிய பாராட்டுக் கடிதத்தை மூங்கில் குழாயில் இட்டு, 1893இல் சாகும் வரை உடம்போடு வைத்திருந்தார், யாருக்கும் காட்டவில்லை. அவருடைய விசுவாசத்துக்கு அய்சு மக்கள் கொடுத்த விலை 1868இல் ஒரு கோட்டையும் ஆயிரக்கணக்கான உயிர்களும். கின்டாமாவில் அவர் மட்சுடைரா கட்டகுரிகோ: கருப்புக் கண்ணாடி, கைத்துப்பாக்கி, இரவானால் கேளிக்கை விடுதி, மகளோடு பழகும் பையனைத் தொலைநோக்கித் துப்பாக்கியால் சுட ஆள் திரட்டும் அப்பா. காவல் துறைத் தலைமை எவ்வளவு மேலே போகிறதோ அவ்வளவு பொறுப்பற்றதாக ஆகிறது என்பது இந்தத் தொடரின் மாறாத கணக்கு. கீழே இருக்கும் யாமாசாகி, ஒற்றன் வேலைக்குப் போன இடத்தில் நாள்கணக்கில் பன்னும் பாலுமாகத் தின்று பைத்தியம் பிடிக்கும் நிலைக்கு வருகிறான். படையில் உருப்படியாக வேலை பார்க்கிறவன் அவன் ஒருவன்தான்.

இந்தக் கணக்கில் ஓர் இடம் இடறுகிறது, அதை மறைக்க முடியாது. தலைவர் கொண்டோ ஒரு பெண்ணை விடாமல் பின்தொடர்கிறார். அவள் வீட்டுக் கூரையில், கட்டிலடியில், மேசைக்குக் கீழே எங்கும் இருப்பார், அவள் அடித்துத் துவைப்பாள், அதுதான் நகைச்சுவை. 1999 அக்டோபரில் சைட்டாமா மாவட்டத்தின் ஒகெகாவா ரயில் நிலையத்துக்கு முன் ஒரு கல்லூரி மாணவியைக் குத்திக் கொன்றார்கள். பின்தொடர்ந்து தொல்லை தருகிறார்கள் என்று அவர் கொடுத்த புகாரை உள்ளூர் போலீஸ் கண்டுகொள்ளவில்லை, பின்னர் புகார் ஆவணத்தையே திருத்தியதற்காகக் காவலர்கள் தண்டனை பெற்றார்கள். அந்தக் கொதிப்பில் 2000இல் பின்தொடர்தல் தடுப்புச் சட்டம் வந்தது. கின்டாமா தொடங்கியது அதற்கு மூன்றே ஆண்டுகள் கழித்து. போலீஸ் தலைவனே பின்தொடர்கிறான் என்ற நகைச்சுவையை அந்தச் சூழலில் கூர்மையான அங்கதம் என்று வாசிக்க இடமுண்டு, நானும் முதல் சில தடவை அப்படி வாசிக்கப் பார்த்தேன். ஆனால் தொடர் அவரை நல்ல மனசுக்காரர், வெள்ளந்தி என்று திரும்பத் திரும்ப அணைத்துக்கொள்கிறது. பின்தொடரப்படும் பெண்ணுக்கு அடி கொடுக்கும் கை இருக்கிறது, புகார் கொடுக்கப் போக ஓர் இடம் இல்லை, ஏனென்றால் போலீஸே அவர்தான். இந்த இடத்தில் அங்கதம் பல்லைக் காட்டுகிறது, கடிப்பதில்லை. ஆண்டுகள் போகப்போக இன்னும் மோசமாகத்தான் தெரிகிறது.

காசநோய்க்கு வருகிறேன். பசூக்காக்காரனுக்கு நோய் இல்லை என்றால் வரலாற்று ஒகிட்டாவின் இருமல் எங்கே போயிற்று? சோராச்சி அதை அவன் அக்காள் மிட்சுபாவுக்குக் கொடுத்திருக்கிறார். வரலாற்று ஒகிட்டாவுக்கும் மிட்சு என்று அக்காள் உண்டு. மிட்சுபா மெலிந்தவள், மென்மையானவள், எதைச் சாப்பிட்டாலும் கண்ணில் நீர் வரும் அளவு காரம் சேர்ப்பவள். ஹிஜிகாட்டாவை அவள் நேசித்தாள். வாளுக்கு வாக்கப்பட்டவன் என்று அவர் விலகிப்போனார். அவள் மருத்துவமனையில் இறக்கும் நேரத்தில் அவர் உள்ளே போகவில்லை, மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்து அவளுக்குப் பிடித்த கடுங்கார அரிசி வறுவலைக் கடித்துக்கொண்டிருக்கிறார். கண்ணில் நீர் வழிகிறது. காரம் தாங்கவில்லை என்கிறார். மயோனைஸ் ஒரு துளி இல்லாமல் அவர் ஒரு பண்டத்தைச் சாப்பிடும் காட்சி அது. இரண்டு ஆண்டாகச் சொல்லிவந்த சாப்பாட்டு நகைச்சுவை துக்கத்துக்கு உதவும் என்று எழுதும்போதே சோராச்சிக்குத் தெரிந்திருந்ததா, தெரியவில்லை. நகைச்சுவைத் தொடர்கள் அழவைக்க முயலும்போது வழக்கமாக இசையைக் கூட்டுவார்கள். இங்கே ஒரு பொட்டலம் போதுமானதாக இருக்கிறது.

ஒரு திருத்தம் எல்லாவற்றையும்விடப் பெரியது. 1867 கோடையில் ஷின்சென்குமிக்காரர்கள் ஒருவழியாக ஷோகுனின் நேரடி ஊழியர்களாக ஏற்கப்பட்டார்கள். விவசாயி மகன் கொண்டோ சாமுராய் ஆகிவிட்டார். சில மாதங்களில் ஷோகுன் ஆட்சியைப் பேரரசரிடம் ஒப்படைத்துவிட்டார். ஏறிய ஏணி உச்சியோடு சேர்ந்து விழுந்தது. மறுவருஷம் நாகாரேயாமாவில் வேறு பெயரில் சரணடைந்த கொண்டோவை அடையாளம் கண்டார்கள். 1868 மே 17 அன்று இட்டாபாஷியில் அவரை வெட்டினார்கள். வயிற்றைக் கிழித்துக்கொள்ளும் சாமுராய் உரிமையை மறுத்து, சாதாரணக் குற்றவாளியாகத் தலையை வெட்டி, கியோட்டோவுக்கு அனுப்பிப் பார்வைக்கு வைத்தார்கள். வாழ்நாள் முழுக்கத் தேடிய தகுதியைச் சாவிலும் கொடுக்கவில்லை.

2016 தொடக்கத்தில் வந்த கதைப்பகுதியில் கின்டாமாவின் கொண்டோவும் மரண தண்டனைக் கைதியாகிறார். பழைய ஷோகுன் கொல்லப்பட்டு, புதிய ஷோகுன் ஷின்சென்குமியைக் கலைத்துவிடுகிறான். வரலாறு தெரிந்த ஜப்பானிய ரசிகர் அடுத்து என்ன என்று நடுங்கியிருப்பார். படையின் எச்சங்களும், இத்தனை வருஷம் அவர்கள் துரத்தித் திரிந்த கலகக்காரன் கட்சுராவின் ஆட்களும், கின்டோக்கியின் கூட்டமும் ஒன்றாகச் சேர்ந்து சிறைத்தீவுக்குள் நுழைந்து கொண்டோவை மீட்கிறார்கள். வரலாற்றில் கட்சுராவின் மூலவரான கட்சுரா கோகோரோ புதிய அரசை அமைத்த தரப்பு, அதாவது கொண்டோவின் தலையை வாங்கிய தரப்பு. போலீஸும் கலகக்காரனும் தோளோடு தோள் நிற்பது அன்று நடக்க முடியாத காரியம். அதை நடக்கவைக்கத்தான் பன்னிரண்டு ஆண்டுகளாக இவர்களைச் சேர்ந்து சிரிக்கவைத்திருக்கிறார்கள் என்று அப்போது புரிகிறது.

இப்படித் திருத்தி எழுதும் உரிமை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், வடக்கே போக வேண்டும். ஷோகுனுக்குப் பின் வந்த மெய்ஜி அரசின் பள்ளிப் பாடங்களில் ஷின்சென்குமி அரச விரோதிகள். அவர்களைப் பற்றிய நல்ல நினைவு ஹொக்கைடோவில் தங்கியது. ஹிஜிகாட்டா 1869 ஜூனில் ஹகோடாட்டேயில் சுடப்பட்டு இறந்தார். பிழைத்த நாகாகுரா ஷின்பாச்சி 1880களில் கபாட்டோ சிறையில் இளம் காவலர்களுக்கு வாள்பயிற்சி கொடுத்தார், 1913இல் ஒட்டாரு நகரப் பத்திரிகையில் தன் கதையைச் சொன்னார். 1928இல் முதல் பெரிய நூலை எழுதிய ஷிமோசாவா கான் ஹொக்கைடோவின் அட்சுட்டாவில் பிறந்தவர், அவருடைய தாத்தா தோற்ற ஷோகுன் படையில் போரிட்டு வடக்கே ஒதுங்கியவர். கபாட்டோ சிறை இருந்த ட்சுகிகாட்டாவிலிருந்து அதிக தூரமில்லாத டகிகாவாவில் வளர்ந்தவர் சோராச்சி. இதை ஒரு நேர்க்கோட்டுப் பரம்பரை என்று நான் சொல்லவில்லை. தோற்றவர்கள் போய்ச் சேர்ந்த நிலத்தில் தோற்றவர்களின் கதைக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைத்திருக்கிறது.

தோற்றவர்களுக்கு வரலாற்றில் இன்னொரு வழியும் இருந்தது. மூன்றாம் பிரிவுத் தலைவர் சைட்டோ ஹஜிமே பெயரை மாற்றிக்கொண்டு, 1874இல் அமைந்த டோக்கியோ போலீஸில் சேர்ந்தார். 1877இல் சட்சுமா கலகத்தை அடக்கப் போன காவலர் படையில் போரிட்டுக் காயம்பட்டார், பதக்கம் பெற்றார். அந்தப் போலீஸை உருவாக்கிய கவாஜி டோஷியோஷி சட்சுமாக்காரர், சைட்டோவின் பழைய எதிரித் தரப்பு. 'ருரோனி கென்ஷின்' இந்த போலீஸ்கார சைட்டோவை அச்சமூட்டும் மனிதராக வரைந்து புகழ் தேடித் தந்தது. கின்டாமாவின் சைட்டோ வாயே திறக்காத கூச்ச சுபாவி, வேண்டியதை எழுதிக் காட்டுவான், பாதி நேரம் தூங்கிவிடுவான்.

கின்டாமா போலீஸைக் கேலி செய்யும் தொடரா என்று கேட்டால் பாதிதான் என்பேன். ஷின்சென்குமி கியோட்டோவில் வெட்டிய ஆட்களுக்கு இந்தத் தொடரில் முகம் இல்லை. 1864 ஜூலை 8 அன்று இகேடாயா விடுதியில் பலர் செத்த இரவு, இங்கே ஒரு வெடிகுண்டை வானத்துக்கு அடித்து அனுப்பும் வேடிக்கையாகச் சுருங்கிவிட்டது. தோற்ற போலீஸுக்கு இழந்த மரியாதையைத் திருப்பிக் கொடுப்பதில் தாராளமாக இருக்கிற தொடர், அந்த போலீஸிடம் தோற்றவர்கள் விஷயத்தில் கஞ்சம். ஆனால் தகுதிக்காக ஏங்கும் சீருடைக்காரனை இவ்வளவு நுணுக்கமாகப் புரிந்துகொண்ட நகைச்சுவையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் இரண்டு பகுதிகள் மங்காவை ஏற்கெனவே படித்தவர்களுக்காக எடுத்தவை, புதியவரைக் குழப்பிவிடும். மூன்றாவதிலிருந்து தொடங்குங்கள். ஷின்சென்குமி ஐந்தாவதில் வருகிறது.